குடியை விடச் சொல்பவருக்கு லைசென்ஸ் உண்டா?

1978-ம் ஆண்டு அக்டோபர் 10-ந் தேதி. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம். பால் மொரான்ட்ஸ் என்ற வக்கீல் தம் வீட்டுக்கு வந்தார். தபால் பெட்டிக்குள் கையை விட்டார்.

கடிதம் வரவில்லை. பாம்பு வந்தது!

நாலரை அடி நீளமுள்ள பாம்பு. அந்த ஜாதிப் பாம்பின் வால் நுனியில் கிலுகிலுப்பை போல ஒன்று இருக்கும். கடிப்பதற்கு முன்னால் வாலை ஆட்டிச் சத்தம் கொடுக்கும். சத்தம் கேட்டவர்கள் விலகிப் போய்விடலாம். ஆனால் இந்தப் பாம்பு சத்தம் கொடுக்கவில்லை. யாரோ அந்தக் கிலுக்கை வெட்டி எடுத்துவிட்டிருந்தார்கள்!

வக்கீலின் கையில் பாம்பு கடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்து அவரைப் பிழைக்க வைத்தார்கள்.

பாம்பை வைத்தது யார்? கொள்ளைக்காரர்களா? இல்லை. குடிகாரர்களையும் போதை மருந்துக்கு அடிமையானவர்களையும் திருத்துவதற்காக ஏற்பட்ட ஒரு நிலையத்தைச் சேர்ந்த இரண்டு பேர்! அந்த நிலையத்தின் மீது வழக்குப் போட்டு ஜெயித்தவர் இந்த வக்கீல். அதுதான் கோபம்.

நிலையத்தின் பெயர் சினனான். அதை நடத்தியவர் பெயர் சார்லஸ் டீடரிக்.

33 டாலரில் பிறந்த நிலையம்

டீடரிக் ஒரு காலத்தில் பெருங்குடிகாரர். பிறகு குடியை விட்டார். 1958-ம் ஆண்டில், சர்க்கார் கொடுத்த 33 டாலர் உதவிப் பணத்தை வைத்துக்கொண்டு இந்த நிலையத்தைத் தொடங்கினார். ஹெராயின் என்ற கொடிய போதை மருந்துக்கு அடிமையானவர்கள் அவரிடம் வந்தார்கள். டாக்டர்கள் கைவிட்டவர்கள் சிலர் அங்கே மருந்தை மறந்து நின்றார்கள். நாடே வியந்தது. பத்திரிகைகள் புகழ்ந்தன. 1965-ல் அந்த நிலையத்தின் பெயரிலேயே ஒரு சினிமாப் படம்கூட வந்தது.

அங்கே சிகிச்சை நடத்தியவர்கள் எல்லாரும் முன்னாள் அடிமைகளே. அவர்களுக்குப் பரீட்சை கிடையாது. மேற்பார்வை கிடையாது. "நானும் குடித்தவன், நானும் ஊசி போட்டுக் கொண்டவன். எனக்குத் தெரியாததா?" என்பதுதான் அவர்களுடைய ஒரே சர்ட்டிபிகேட்.

சிகிச்சை எப்படி நடந்தது தெரியுமா? எல்லாரும் வட்டமாக உட்காருவார்கள். ஒருவரைப் பிடித்துக்கொள்வார்கள். வாய்க்கு வந்தபடி ஏசுவார்கள். மானத்தை வாங்குவார்கள். அவர் அழுது புலம்பும் வரையில் விட மாட்டார்கள். இதற்கு "விளையாட்டு" என்று பெயர்!

நாளடைவில் டீடரிக் வைத்ததே சட்டம் என்றாகிவிட்டது. பெண்கள் தலையை மழித்துக்கொள்ள வேண்டும் என்றார். மழித்துக்கொண்டார்கள். ஆண்கள் பிள்ளை பிறக்காதபடி ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும் என்றார். செய்துகொண்டார்கள். கணவன் மனைவியரைப் பிரித்து, வேறு வேறு ஜோடியாகச் சேர்த்துவிட்டார். அதற்கும் தலையாட்டினார்கள். கடைசியில் வந்ததுதான் பாம்பு.

அந்த ஆண்டு டிசம்பர் மாதம் டீடரிக்கைக் கைது செய்யப் போலீசார் போனார்கள். ஊரைத் திருத்த வந்த மனிதர் எந்த நிலையில் இருந்தார் என்று நினைக்கிறீர்கள்? மூக்கு முட்டக் குடித்துவிட்டுக் கிடந்தார்!

வழக்கில் அவருக்குச் சிறைத் தண்டனை கிடைக்கவில்லை. நன்னடத்தைக் கண்காணிப்பும் அபராதமும் விதித்தார்கள். நிலையத்தை நடத்தக் கூடாது என்று தடை போட்டார்கள். 1991-ல் சினனான் மூடப்பட்டது.

முனிசிபல் கவுன்சிலர் அல்ல

குடிகாரருக்கும் போதை அடிமைக்கும் எதிரே உட்கார்ந்து பேசி, அந்தப் பழக்கத்திலிருந்து மீட்டுக் கொண்டுவரும் வேலைக்கு அமெரிக்காவில் "கவுன்சிலர்" என்று பெயர். கவுன்சிலர் என்றால் நமக்கு முனிசிபல் கவுன்சிலர்தான் ஞாபகத்துக்கு வருவார். அவர் வேறு, இவர் வேறு. தமிழில் "ஆலோசகர்" என்று வைத்துக்கொள்வோம்.

ஆலோசகர் டாக்டர் அல்ல. மருந்து எழுதிக் கொடுக்க மாட்டார், ஊசி போட மாட்டார். ஆனால் டாக்டர் நோயாளியைப் பத்து நிமிடம் பார்த்தால், ஆலோசகர் மாதக் கணக்கில் பார்க்கிறார். மனைவி அழுவதையும் கேட்கிறார். பிள்ளைகளின் பயத்தையும் கேட்கிறார். வீட்டின் ரகசியம் முழுவதும் அவர் கையில் இருக்கிறது.

அப்பேர்ப்பட்டவருக்கு என்ன தகுதி வேண்டும்? லாரி ஓட்ட லைசென்ஸ் வேண்டும். மருந்துக் கடை வைக்க லைசென்ஸ் வேண்டும். சாராயக் கடை வைக்கவும் லைசென்ஸ் வேண்டும். குடியை விடச் சொல்பவருக்கு வேண்டாமா?

இந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்லிவிட முடியாது. ஏனென்றால் இந்தத் தொழிலைத் தொடங்கி வைத்தவர்களே படிக்காதவர்கள்தான். அதாவது, இதற்கென்று படிக்காதவர்கள்.

இன்ஷூரன்ஸ் ஏஜண்டும் பாதிரியாரும்

அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் இம்மானுவேல் சர்ச் என்று ஒரு மாதா கோயில். 1906-ம் ஆண்டிலிருந்து அங்கே பாதிரியார்களும் டாக்டர்களும் சேர்ந்து மனக் கஷ்டப்படுகிறவர்களுக்குச் சிகிச்சை செய்து வந்தார்கள். 1911-ல் கோர்ட்னி பெய்லர் என்ற ஓர் இன்ஷூரன்ஸ் ஏஜண்ட் அங்கே வந்து சேர்ந்தார். குடிகாரர். அவருக்குக் குணம் ஆயிற்று. பிறகு அவர் ஊருக்குத் திரும்பி இன்ஷூரன்ஸ் விற்கவில்லை. அந்த நிலையத்திலேயே வேலைக்கு அமர்ந்து, மற்றக் குடிகாரர்களுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டார். சம்பளம் வாங்கிக்கொண்டு இந்த வேலையைச் செய்த முதல் முன்னாள் குடிகாரர் அவர்தான் என்பது சரித்திரம் எழுதுகிறவர்களின் கருத்து.

அதற்குப் பிறகு 1935-ல், பில் வில்சன் என்ற பங்குத் தரகரும், பாப் ஸ்மித் என்ற டாக்டரும் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். இருவரும் குடிகாரர்கள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்று இன்று உலகம் முழுவதும், நம் ஊரிலும், கூட்டம் நடத்துகிற சங்கம் அதுதான். அங்கே கட்டணம் இல்லை. உத்தியோகமும் இல்லை. ஒரு குடிகாரர் இன்னொரு குடிகாரருக்குத் தம் கதையைச் சொல்லுவார். அவ்வளவுதான்.

ஒரு சமயம் ஓர் ஆஸ்பத்திரி முதலாளி பில் வில்சனைக் கூப்பிட்டு, "இங்கேயே ஆலோசகராக இருந்துவிடுங்கள். சம்பளம் தருகிறேன்" என்றார். வில்சனுக்குக் கையில் காசு இல்லாத காலம். மனைவி கடையில் வேலை பார்த்துக் கொண்டுவருவதுதான் சாப்பாடு. ஓடிப் போய்ச் சங்கத்தாரிடம் சொன்னார். அவர்கள் சந்தோஷப்படவில்லை. "கூலிக்குச் செய்தால் இது கெட்டுப்போகும்" என்று தடுத்தார்கள். வில்சன் அந்த வேலையை ஏற்கவில்லை. ஏழைக்கு அது லேசான காரியம் அல்ல.

ஆனால் ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. மினசோட்டா மாநிலத்தில் வில்மர் என்ற ஊரில் ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரி. அதன் தலைவர் டாக்டர் நெல்சன் பிராட்லி. அவருக்குத் துணை டேனியல் ஆண்டர்சன் என்ற மனநூல் அறிஞர். குடிகாரர்கள் டாக்டரிடம் பொய் சொல்லுகிறார்கள், முன்னாள் குடிகாரரிடம் உண்மையைச் சொல்லுகிறார்கள் என்பதை இவர்கள் கவனித்தார்கள். எனவே முன்னாள் குடிகாரர்களையே சம்பளத்துக்கு வைக்க வேண்டும் என்று சர்க்காரிடம் கேட்டார்கள். 1954-ம் ஆண்டில் அந்த மாநிலம் "குடிநோய் ஆலோசகர்" என்ற உத்தியோகத்தையே புதிதாக உண்டாக்கியது. பட்டம் கேட்கவில்லை. குடியை விட்டு நிலைத்து நின்றவரா என்பதுதான் கேள்வி!

குடித்ததையே தகுதியாக்கி உத்தியோகம் கொடுத்த சர்க்கார் அதற்கு முன்னால் இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

லாரி டிரைவர் செய்த சட்டம்

நிலைமை மாறியது 1970-ல். மாற்றியவரும் ஒரு முன்னாள் குடிகாரரே. ஹெரால்ட் ஹியூஸ் என்று பெயர். லாரி ஓட்டியவர். 1952-ல், குடியின் கொடுமை தாங்காமல் தம் உயிரையே மாய்த்துக்கொள்ளத் துணிந்தவர். தப்பிப் பிழைத்துக் குடியை விட்டார். பத்து வருஷம் கழித்து அயோவா மாநிலத்தின் கவர்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்! பிறகு டெல்லிப் பார்லிமெண்டின் மேல்சபையைப் போன்ற செனட் சபைக்குப் போனார். குடிநோய்ச் சிகிச்சைக்கு மத்திய சர்க்கார் பணம் ஒதுக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார். 1970 டிசம்பர் 31-ந் தேதி ஜனாதிபதி நிக்சன் அதில் கையெழுத்துப் போட்டார்.

பணம் வந்தது. சிகிச்சை நிலையங்கள் பெருகின. பணம் வந்த இடத்தில் கேள்வியும் வந்தது. "யாருக்குச் சம்பளம் கொடுக்கிறோம்? அவருக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார்கள். நோயாளிக்காகப் பணம் கட்டும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் கேட்டன. ஒவ்வொரு மாநிலமாக விதிகள் பிறந்தன. 1981-ல் சில மாநிலங்களின் சான்றிதழ் மன்றங்கள் கூடிப் பொதுவான அளவுகோல் ஒன்றை வகுத்தன.

இன்றைக்கு அங்கே மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. டெக்ஸாஸ் மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே லைசென்ஸ் வேண்டுமானால் குறைந்தது இரண்டு வருஷக் கல்லூரிப் படிப்பு வேண்டும். 270 மணி நேரம் வகுப்பில் இந்தப் பாடத்தையே படிக்க வேண்டும். 300 மணி நேரம் நிலையத்தில் செய்து பழக வேண்டும். அதற்கு மேல் 4,000 மணி நேரம் ஒரு பெரியவரின் கண்காணிப்பில் வேலை பார்க்க வேண்டும். தினம் 8 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் 500 நாள்! பரீட்சை எழுத வேண்டும். கைரேகை கொடுத்து, குற்றம் செய்தவர் அல்ல என்று காட்ட வேண்டும். பெரிய பட்டம் படித்தவர்களுக்குச் சில சலுகைகள் உண்டு. லைசென்ஸ் கிடைத்த பிறகும் அவ்வப்போது படித்துப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

முன்னாள் குடிகாரருக்கு இந்த வழி அடைபட்டுப் போகவில்லை. அவரும் வரலாம். ஆனால் அவரும் படித்துவிட்டுத்தான் வர வேண்டும்.

500 நாளில் என்ன கற்கிறார்?

"பேசுவதற்கு 500 நாள் படிப்பா? எங்கள் ஊர்ப் பெரியவர் ஒரு அதட்டல் போட்டால் போதாதா?" என்று சிலர் கேட்கலாம்.

அதட்டல் போதாது. அதட்டினால் கெடுதல்கூட உண்டு. வில்லியம் மில்லர் என்ற அமெரிக்கப் பேராசிரியரும் அவருடைய நண்பர்களும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். குடிகாரரும் ஆலோசகரும் பேசியதைப் பதிவு செய்து, ஒவ்வொரு பேச்சையும் எண்ணினார்கள். ஓராண்டு கழித்து யார் எவ்வளவு குடிக்கிறார் என்றும் விசாரித்தார்கள். 1993-ல் முடிவு வெளியாயிற்று. ஆலோசகர் எவ்வளவுக்கு எவ்வளவு மல்லுக்கு நின்றாரோ, அவ்வளவுக்கு அவ்வளவு அந்த மனிதர் அதிகமாகக் குடித்தார்! குடிகாரரே தம் வாயால் "ஏன் விட வேண்டும்" என்று சொல்லும்படி பேச்சைக் கொண்டுபோக வேண்டும் என்பது மில்லர் காட்டிய வழி. இது லேசில் வராது. பழக வேண்டும். பழகும்போது பக்கத்தில் ஒருவர் இருந்து திருத்த வேண்டும்.

இதைவிட முக்கியமான பாடம் ஒன்று உண்டு. அது உயிர் சம்பந்தப்பட்டது.

பல வருஷமாகத் தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் உடம்பு சும்மா இராது. கை நடுங்கும். வியர்த்துக் கொட்டும். தூக்கம் வராது. முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்கு ஜன்னி காணும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார். யாரோ கொல்ல வருகிறார்கள் என்று அலறுவார். ஓட்டம் பிடிப்பார். இது நடிப்பு அல்ல. பேயும் அல்ல. உடனே டாக்டர் பார்க்காவிட்டால் உயிர் போய்விடக்கூடிய நிலை. குடிகாரரின் உடம்பில் வைட்டமின் பி-1 சத்து வற்றிப்போயிருக்கும். அதை முதலில் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸை ஏற்றினால் மூளைக்கே ஆபத்து வரலாம்.

பயிற்சி பெற்ற ஆலோசகர் இதற்கு மருந்து கொடுக்க மாட்டார். ஆனால் கை நடுக்கத்தைப் பார்த்த உடனே, "கடைசியாக எப்பொழுது குடித்தீர்கள்? முன்னால் வலிப்பு வந்ததுண்டா?" என்று கேட்பார். டாக்டரைக் கூப்பிடுவார். பயிற்சி இல்லாதவர் என்ன செய்வார்? "சரக்குக்காக நாடகம் ஆடுகிறான்" என்று சொல்லி அறையில் போட்டுப் பூட்டுவார்.

சமையலறைக்கு வருவோம். "அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் இந்த மாத்திரையைக் கலந்து கொடுங்கள் அம்மா, பத்து நாளில் குடியை வெறுத்துவிடுவார்" என்று யோசனை சொல்பவர்கள் நம் ஊரில் உண்டு. அந்த மாத்திரையின் பெயர் டைசல்பிரம். நல்ல மருந்துதான். டென்மார்க்கில் இரண்டு விஞ்ஞானிகள் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து தேடியபோது தாங்களே அதை விழுங்கிப் பார்த்தார்கள். பிறகு கொஞ்சம் மது அருந்தியதும் உடம்பு பாடாய்ப் படுத்தியது. அப்படிக் கண்டுபிடித்ததை 1948-ல் வெளியிட்டார்கள். இந்த மருந்தைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி வரும், மூச்சு முட்டும், ரத்த அழுத்தம் சரியும். இருதயம் பலவீனமானவர் செத்தே போகலாம். ஆகவே நோயாளி தெரிந்து, சம்மதித்து, டாக்டர் பரிசோதித்த பிறகே கொடுக்க வேண்டும். தெரியாமல் கலந்து கொடுத்தால், அவர் வழக்கம்போலக் கடைக்குப் போய்க் குடிப்பார். பிறகு நடப்பதற்கு அந்த அம்மாள்தான் வாழ்நாள் முழுவதும் அழ வேண்டும்.

சாம்பாரில் கலக்கச் சொன்னவரோ பணத்தை வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

அடையாற்றில் ஆரம்பித்தது

நம் நாட்டில் என்ன நிலைமை?

சென்னையில் டி. டி. கே. குடும்பத்தைச் சேர்ந்த ரங்கநாதன் என்பவர் குடிநோயால் இளம் வயதில் 1979-ல் காலமானார். அவருடைய மனைவி சாந்தி ரங்கநாதன். சமூக சேவை படித்தவர். தமக்கு நேர்ந்தது இன்னொரு பெண்ணுக்கு நேரக் கூடாது என்று நினைத்தார். அமெரிக்காவுக்குப் போய் இந்தச் சிகிச்சை முறையைக் கற்று வந்தார். 1980-ல் கணவர் பெயராலேயே ஓர் அமைப்பைத் தொடங்கினார். அடையாறு பக்கத்தில் உள்ள டி. டி. கே. ஆஸ்பத்திரி அதைச் சேர்ந்ததுதான். 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது. அந்த நிறுவனம் நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்ததோடு நிற்கவில்லை. மற்ற ஊர் நிலையங்களின் ஆலோசகர்களுக்கும் பயிற்சி கொடுத்தது.

பக்கத்து நாடான இலங்கையிலும் ஒரு முயற்சி நடந்தது. கொழும்புத் திட்டம் என்பது பழைய வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1951-ல் தொடங்கிய பல நாட்டு உதவித் திட்டம் அது. அதன் தலைமை அலுவலகம் கொழும்பில் இருக்கிறது. 2009-ல் அந்தத் திட்டத்தார் போதைச் சிகிச்சை ஆலோசகர்களுக்கென்று பாடமும் பரீட்சையும் சான்றிதழும் ஏற்படுத்தினார்கள். ஆசியா, ஆப்பிரிக்கா நாட்டு ஆலோசகர்கள் அந்தப் பரீட்சை எழுதுகிறார்கள்.

ஆனால் சான்றிதழ் வேறு, லைசென்ஸ் வேறு. சான்றிதழ் என்பது "இவர் படித்தார், தேறினார்" என்று ஒரு சபை சொல்லுவது. லைசென்ஸ் என்பது "இது இல்லாமல் இந்த வேலையைச் செய்யக் கூடாது" என்று சர்க்கார் சொல்லுவது. இந்தியாவில் டாக்டருக்குப் பதிவு உண்டு. நர்சுக்கு உண்டு. மனநோய்ச் சிகிச்சையில் உதவும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்பவருக்கும் 1992-ம் வருஷச் சட்டப்படி மத்தியப் பதிவேடு உண்டு. போதை ஆலோசகருக்கு மட்டும் அதற்கென்றே தனி லைசென்ஸ் கிடையாது. சர்க்கார் உதவிப் பணம் பெறும் நிலையங்களில் ஆலோசகர் படித்தவராக, பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அங்கே முன்னாள் குடிகாரருக்கும் ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் தனியார் போர்டு மாட்டிக்கொண்டு நடத்துகிற இடத்தில் இந்த விதியைப் பார்ப்பவர் யார்?

2021-ல் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. வைத்தியத்துக்குத் துணையான பல தொழில்களுக்குப் பதிவேடு வைக்கச் சொல்லும் சட்டம் அது. அதன் பட்டியலில் ஆலோசகர்களும் சமூக சேவகர்களும் இருக்கிறார்கள். சரியான திசைதான். என்றாலும் "போதை ஆலோசகர்" என்று தனியாக ஒரு தகுதி வகுத்து, பரீட்சை வைத்துப் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்பது இந்தக் கட்டுரை எழுதுபவனின் அபிப்பிராயம்.

ஏன் இத்தனை அழுத்தமாகச் சொல்லுகிறேன்? மத்திய சர்க்காருக்காக டெல்லி அகில இந்திய மருத்துவ நிலையத்தார் நாடு முழுவதும் ஒரு கணக்கு எடுத்து 2019-ல் வெளியிட்டார்கள். குடிக்கு அடிமையாகிவிட்ட 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சையோ உதவியோ கிடைத்திருக்கிறது. மற்ற 37 பேரின் வீட்டார் என்ன செய்வார்கள்? பஸ்ஸில் ஒட்டியிருக்கும் நோட்டீசைப் பார்த்துப் போன் செய்வார்கள்.

கட்டிலும் சங்கிலியும்

போன் செய்தால் வேன் வருகிறது. நாலு தடியர்கள் இறங்குகிறார்கள். வீட்டுக்காரரைக் குண்டுக்கட்டாகத் தூக்கிப் போட்டுக்கொண்டு போகிறார்கள். "மூன்று மாதம் யாரும் பார்க்க வரக் கூடாது அம்மா. பணத்தை மட்டும் மாதா மாதம் கட்டிவிடுங்கள்" என்கிறார்கள்.

இது சட்டப்படி தப்பு. 2017-ம் ஆண்டின் மனநலச் சட்டம் குடியாலும் போதை மருந்தாலும் வரும் மனக் கோளாறுகளையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்டவர்களை உள்ளே வைத்துச் சிகிச்சை செய்யும் நிலையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இல்லாமல் நடத்தினால் முதல் தடவை 5,000 ரூபாயிலிருந்து 50,000 ரூபாய் வரை அபராதம். திரும்பத் திரும்பச் செய்தால் 5 லட்சம் வரை போகும். பதிவு இல்லை என்று தெரிந்தே அங்கே வேலை பார்க்கிறவருக்கும் 25,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆலோசகர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வயது வந்தவரை அவர் சம்மதம் இல்லாமல் உள்ளே வைக்க வேண்டுமானால், தகுதி பெற்ற இருவர் தனித்தனியே பரிசோதித்து அவசியம் என்று சொல்ல வேண்டும். அப்பொழுதும் முதலில் 30 நாளுக்கு மேல் வைக்க முடியாது. சங்கிலி போட்டுக் கட்டுவது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. சங்கிலி என்றால் என்ன என்று தமிழ்நாட்டுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2001-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டுண்டு ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள்.

வாசலில் கேட்க வேண்டியவை

ஆகையால் ஆளைச் சேர்ப்பதற்கு முன்னால் ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள். தாய்மார்கள் கூச்சப்பட வேண்டாம். அண்ணனையோ மைத்துனரையோ துணைக்கு அழைத்துக்கொண்டு போகலாம்.

"சார், உங்கள் பதிவு சர்ட்டிபிகேட்டைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். நல்ல நிலையத்தார் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். டாக்டர் எந்த நேரத்தில் வருகிறார், ராத்திரி நர்ஸ் இருக்கிறாரா என்று கேளுங்கள். முதல் நாலு நாள் ஆபத்து என்று மேலே சொன்னது ஞாபகம் இருக்கட்டும்.

பிறகு ஆலோசகரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். அவர் எங்கே பயிற்சி பெற்றார், அவருக்கு மேலே மேற்பார்வை பார்ப்பவர் யார் என்று கேளுங்கள். "நானே பத்து வருஷம் குடித்தவன்தான் அம்மா" என்று அவர் சொன்னால் மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அது நல்ல பதில்தான். ஆனால் பாதிப் பதில். "அதற்குப் பிறகு என்ன படித்தீர்கள்?" என்று கேளுங்கள். டீடரிக்கும் அந்த முதல் பாதியைத்தான் சொன்னார்.

"கியாரண்டி" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். குடிநோய் திரும்பி வரக்கூடியது. வெளியே வந்த பிறகும் மாதக் கணக்கில் ஆலோசகரைப் பார்க்க வேண்டியிருக்கும். மனைவியையும் வீட்டாரையும் கூப்பிட்டுப் பேசுகிறாரா, அல்லது பணம் கட்டும்போது மட்டும் கூப்பிடுகிறாரா என்பதிலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

கடைசியாகச் சுவரைப் பாருங்கள். மனநல மறுஆய்வு வாரியம் என்று ஒன்று உண்டு. உள்ளே இருப்பவரும் அவர் வீட்டாரும் அங்கே முறையிடலாம். அந்த வாரியத்தின் விலாசத்தையும் டெலிபோன் நம்பரையும் நிலையத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி எழுதி வைக்க வேண்டும் என்பது சட்டம். இல்லையென்றால், ஏன் இல்லை என்று கேளுங்கள்.

எந்த நிலையத்துக்குப் போவது என்றே தெரியவில்லையா? மத்திய சர்க்காரின் போதை மீட்பு டெலிபோன் நம்பர் 14446. கூப்பிடக் காசு கிடையாது.